ஃபுளோரிடாவில் தொழில்முறை கார்டியன்கள்: நேரில் கண்டவை

ஒர்லாண்டோ, முதியோர் இல்லச் செவிலியர்:

மறதி நோயுடன் எங்கள் இல்லத்தில் இருக்கும் ஒரு பெரியவருக்கு உறவினர் யாரும் முன்வராததால், நீதிமன்றம் ஒரு தொழில்முறை கார்டியனை, அதாவது அவருக்காக முடிவெடுக்கும் சட்டப்பூர்வப் பாதுகாவலரை, நியமித்தது. இப்படி ஊதியம் பெற்றுக்கொண்டு, உறவினரல்லாத மூன்று பேருக்கோ அதற்கு மேற்பட்டோருக்கோ பொறுப்பேற்பவர், 40 மணி நேரப் பயிற்சியும் தேர்வும் முடித்து, குறைந்தது 50,000 டாலருக்குப் பிணைப்பத்திரம் கொடுத்து, மாநில மூத்தோர் நலத் துறையில் ஆண்டுதோறும் பதிவு செய்தாக வேண்டும். காலாண்டுக்கு ஒருமுறையாவது அவரோ அவருடைய ஊழியரோ நேரில் வந்து பார்க்க வேண்டும் என்பதும் சட்டம். காலாண்டின் கடைசி வாரத்தில் ஓர் ஊழியர் வந்தார். பெரியவரின் காதுக்கருவியில் பேட்டரி தீர்ந்திருந்தது. கேட்ட கேள்வி எதுவும் அவர் காதில் விழவில்லை. மரியாதைக்காக அவர் தலையாட்டியதையே பதிலாகக் குறித்துக்கொண்டு, நாற்காலியில் உட்காராமலேயே ஊழியர் கிளம்பிவிட்டார். சட்டப்படி அதுவும் ஒரு வருகைதான்!

தாம்பா, கணக்காளர்:

நான் கண்டது பணத்தின் பக்கம். ஒரு கார்டியனுக்காக நான் தயாரித்த ஆண்டுக் கணக்கை, மருந்துக்கடை ரசீது ஒன்று இல்லை என்பதற்காக வழக்கு ஆவணங்களையும் கணக்குகளையும் பார்க்கும் நீதிமன்ற கிளர்க் அலுவலகத்தின் தணிக்கையாளர் திருப்பி அனுப்பினார். காசுக்கு இருக்கும் இந்தக் கண்காணிப்பு, ஆளின் விருப்பத்துக்கு நெடுங்காலம் இருக்கவில்லை என்றே சொல்வேன். 2019இல், உயிர்காக்கும் சிகிச்சை வேண்டும் என்று சொல்லிவந்த ஒருவருக்கு, 'இதயம் நின்றால் மீட்க முயல வேண்டாம்' என்ற உத்தரவை அவருடைய கார்டியன் போட்டிருந்ததும், அந்த நோயாளி தாம்பா மருத்துவமனையில் இறந்ததும் வெளியே வந்த பிறகுதான், நீதிமன்ற அனுமதியின்றி எந்தக் கார்டியனும் அதில் கையெழுத்திடக் கூடாது என்று 2020இல் சட்டம் திருத்தப்பட்டது.

மேலே எழுதிய சகோதரிக்கு ஒரு தகவல். 2016ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின், தொழில்முறை கார்டியன்கள் மீதான புகார்களை விசாரிக்கும் அதிகாரம் மூத்தோர் நலத் துறையின் கீழுள்ள அலுவலகத்துக்கு உண்டு. உறவினர் அல்லாத நீங்களும் எழுத்தில் புகார் தரலாம். அந்த அலுவலகம் கண்டிக்கலாம், பதிவை நிறுத்திவைக்கலாம், ரத்தும் செய்யலாம். ஆனால் அந்தப் பெரியவரின் பொறுப்பிலிருந்து கார்டியனை விலக்குவது நீதிபதியின் கையில்தான் இருக்கிறது. ஆகவே வருகைப் பதிவேட்டின் தேதியையும் காதுக்கருவி விவரத்தையும் குறிப்பிட்டு, வழக்கு எண்ணுடன் கிளர்க் அலுவலகத்துக்கும் ஒரு நகல் அனுப்பிவிடுங்கள்.