குளச்சல் மீன் லோடு பிக்கப்: ஈசிஎம் (இன்ஜின் கம்ப்யூட்டர்) போயிட்டுதா?

கேள்வி: காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாய்ல டீசல் போற) டீசல் பிக்கப். செல்ஃப் சுத்துது, ஸ்டார்ட் ஆகல. ஸ்கேனரும் ஈசிஎம்மைப் பிடிக்கல. புதுசு மாத்தணுமா?

பதில்: அவசரப்படாதீங்க அண்ணாச்சி. பேட்டரி 12.4 வோல்ட்டுக்குக் குறையக்கூடாது. ஃபியூஸ், மெயின் ரிலே பாருங்க. சாவி ஆன்ல வச்சு, ஈசிஎம் எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையில 0.1 வோல்ட்டுக்கு மேல காட்டினா எர்த்துதான் கோளாறு. மீன் தண்ணி வடியுற வண்டில்லா, எர்த் போல்ட்டுல உப்பு பூத்திருக்கும், கனெக்டர் பின்னுல பச்சை பிடிச்சிருக்கும்.

பதில்: சென்சாருக்குப் போற 5 வோல்ட்டையும் அளங்க. ஒரு சென்சார் ஷார்ட் ஆனா அந்த லைனே விழுந்திடும். ஆக்ஸிலரேட்டர் பெடல் சென்சார், ரெயில் பிரஷர் சென்சார்னு பிளக்கை ஒவ்வொண்ணா உருவுங்க. எதைக் கழட்டினதும் 5 வோல்ட் திரும்புதோ அதுதான் குற்றவாளி. பேட்டரியைக் கழட்டிட்டு ஓபிடி (ஸ்கேனர் மாட்டுற சாக்கெட்) 6, 14 பின்னுக்கு இடையில சுமார் 60 ஓம் வரணும். 120 காட்டினா கேன் லைன் (கம்ப்யூட்டருங்க ஒண்ணோட ஒண்ணு பேசுற வயர்) எங்கயோ அறுந்திருக்கலாம்.

பதில்: இவ்வளவும் சரியா இருந்தும் ஈசிஎம் ஸ்கேனரோட பேசலைன்னா மட்டும் மாத்துங்க. பார்ட் நம்பர் கடைசி எழுத்து வரை ஒத்துப்போகணும். புது ஈசிஎம்ல இம்மொபிலைசர் (சாவியை அடையாளம் பார்க்கிற திருட்டுத் தடுப்பு) பதியலைன்னா ஸ்டார்ட் ஆகாது. இன்ஜெக்டர் கோட் (ஒவ்வொரு இன்ஜெக்டர் மேலயும் இருக்கிற திருத்த எண்) ஏத்தலைன்னா புகையும் தட்டலும் வரலாம். பாடி வெல்டிங்குக்கு முன்னாடி ஈசிஎம் பிளக்கைக் கழட்டிடுங்க.