சட்டகங்களுக்கு நடுவே இருப்பதற்குப் பெயர் என்ன?

மடல் 1 (பாடக்குறிப்பு எழுதுபவர்)
அனைவருக்கும் வணக்கம். ஓவிய ரசனைப் பாடக்குறிப்பை வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். ஓவியங்களில் தொடங்கி, கனவுபோல் பொருந்தாதவற்றைச் சேர்த்துக் காட்டும் சர்ரியலிசச் சித்திர நாவலில் (படங்களால் கதை சொல்லும் நூலில்) முடிகிறது. சித்திரக் கதையில் இரண்டு சட்டகங்களுக்கு (படக் கட்டங்களுக்கு) நடுவே விடப்படும் வெள்ளைப் பட்டையைக் 'கட்டர்' என்கிறார்களே, அதற்குத் தமிழ் வேண்டும். 'இடைவெளி' என்ற சொல்லை, ஓவியத்துக்குள் உருவங்களைச் சூழ்ந்த வெற்றிடத்துக்கு முன்பே கொடுத்துவிட்டேன். அங்கே கண் இளைப்பாறுகிறது; இங்கே வாசகர் கதையை இட்டு நிரப்புகிறார். இரண்டுக்கும் ஒரே பெயர் வைக்க மனம் வரவில்லை.

மடல் 2 (வேர்ச்சொல் ஆர்வலர்)
ஐயா, கட்டரின் வேர் 'குட்டா', இலத்தீனில் துளி. துளி விழுந்து ஓடும் வழியே கட்டர். நம்மிடம் நீர் ஓடும் குழாயைக் குறிக்கும் 'தூம்பு' இருக்கிறது. உள்ளே துளையுள்ள எதற்கும் பொருந்தும். புறநானூறு துதிக்கையையே 'தூம்புடைத் தடக்கை' என்கிறது. கழிவுநீர் வடியும் இடமான 'அங்கணம்' இன்னும் நெருக்கம்: 'அங்கணத்துள் உக்க அமிழ்து' (குறள் 720). 'பட அங்கணம்' என்போம்.

மடல் 3 (இலக்கண ஆசிரியர்)
அந்தக் குறளில் அங்கணம் அமிழ்து வீணாகும் அழுக்கு நிலம். வாசகரின் கற்பனை பிறக்கும் இடத்துக்கு அந்தப் பெயர் வேண்டாம். தொல்காப்பியத்தின் எச்சவியலுக்கு வாருங்கள். எஞ்சுபொருட் கிளவி, அதாவது பொருள் முடிய இன்னும் ஏதோ எஞ்சி நிற்கும் சொல், பத்து வகை என்கிறார் தொல்காப்பியர். அவற்றுள் குறிப்பெச்சம் ஒன்று. சொல்லாமல் விட்டதைக் கேட்பவர் குறிப்பால் உணர்ந்து முடிக்கிறார். சித்திர நாவல் கேட்பதும் அதைத்தான். சர்ரியலிச ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்ட் 1934இல் வெளியிட்ட சித்திர நாவலில் 182 படங்கள், பக்கத்துக்கு ஒன்று. வெள்ளைப் பட்டையே கிடையாது; தாளைத் திருப்பும் நொடிதான் கட்டர். படுக்கையறைக்குள் வெள்ளம் வந்துவிடுகிறது, காரணத்தை எந்தப் படமும் காட்டுவதில்லை. பட்டையைப் பார்த்துப் பெயர் வைத்தால் இந்த நூல் நழுவிவிடும். 'படவெச்சம்' என்பது என் முடிவு.

மடல் 4 (பள்ளி ஓவிய ஆசிரியை)
ஐயா, உங்கள் விளக்கத்தை இரண்டு முறை படித்தேன், அருமை. ஆனால் எச்சம் என்றவுடன் பதினான்கு வயதுப் பிள்ளைக்குப் பறவையின் எச்சம்தான் நினைவுக்கு வரும். எர்ன்ஸ்டின் படங்களில் பறவைத் தலை மனிதர்கள் வேறு நிறைந்திருக்கிறார்கள். 'சட்டக இடை' போதும், கேட்டதும் புரியும்.

மடல் 5 (வேர்ச்சொல் ஆர்வலர்)
புரிவது மட்டுமே அளவுகோல் என்றால் 'கட்டர்' என்றே எழுதிவிடலாம், கலைச்சொல் எதற்கு? 'தூம்பு' புழங்கப் புழங்கப் பழகும்.

மடல் 6 (ஓவியர்)
முதல் மடலின் பிரிவினையே எனக்கு உறுத்துகிறது. எர்ன்ஸ்ட் 19ஆம் நூற்றாண்டு மரச்செதுக்குப் படங்களை வெட்டி ஒட்டினார். கோட்டு அணிந்த உடலில் சிங்கத் தலை. ஒட்டிய தடம் தெரியாது. வாசகர் இட்டு நிரப்ப வேண்டியது ஒரே படத்துக்குள்ளேயே இருக்கிறது. இன்னொரு சர்ரியலிச ஓவியரான மக்ரித்தின் ஓவியத்தின் முன் நிற்பவருக்கும் அதே வேலைதான். பாடத்தின் இரண்டு பாதிகளையும் இணைப்பது இதுதான் என்பதால் இரண்டுக்கும் 'இடைவெளி' என்றே வையுங்கள்.

மடல் 7 (பாடக்குறிப்பு எழுதுபவர்)
ஓவியர் சொன்னதை முன்னுரையில் சேர்க்கிறேன். நாளை அச்சுக்குப் போவதால், பிள்ளைகளுக்குக் கேட்டதும் புரியும் என்ற ஓவிய ஆசிரியையின் கருத்தை ஏற்று 'சட்டக இடை' என்று எழுதுகிறேன்.

மடல் 8 (இலக்கண ஆசிரியர்)
எர்ன்ஸ்டின் பக்கங்களில் சட்டகமும் இல்லை, இடையும் இல்லை. அந்த அத்தியாயத்திலாவது 'படவெச்சம்' என்று போடுங்கள்.