பரணில் கிடந்த ஏர்ஃபிக்ஸ் ஹெரால்டு

பழைய மாடல் கார் கிட்டைப் பிரித்துத் திரும்பக் கட்டியவர்கள் அவரவர் அனுபவத்தை எழுதலாம் என்று இந்தக் குழுவில் பேச்சு வந்ததால் நானே தொடங்குகிறேன். கொஞ்சம் நீளம். இதில் நான் செய்த தப்பு ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் முக்கியமாக எழுதுகிறேன்.

கார், ஏர்ஃபிக்ஸ் கம்பெனியின் டிரையம்ஃப் ஹெரால்டு, 1/32 அளவு. நிஜ ஹெரால்டு 12 அடி 9 அங்குலம். 32-ஆல் வகுத்தால் 12 செ.மீ.க்குச் சற்று மேல், உள்ளங்கையில் அடங்கிவிடும். பெரியப்பா வீட்டுப் பரணைக் காலி பண்ணும்போது ஒரு பழைய போர்ன்விட்டா டின்னில், பஞ்சு சுற்றிக் கிடைத்தது. ஒரு சக்கரம் இல்லை. முன் பம்பர் இல்லை. கண்ணாடி பால் படிந்த மாதிரி வெளுத்திருந்தது. பாடி முழுக்க பிரஷ்ஷால் அடித்த பச்சை எனாமல், கதவுக் கோடே தெரியாத கனத்துக்கு. இந்த அளவு மாடலில் 0.1 மி.மீ. பெயிண்ட் என்றால் நிஜக் காரில் 3 மி.மீ.க்கு மேல் அப்பிய கணக்கு.

சென்னைக்காரர்களுக்கு ஹெரால்டு நம் ஊர் வண்டியும்தான். 1959-ல் இங்கிலாந்தில் வந்த கார் அது. வடிவம் வரைந்தவர் இத்தாலியின் மிக்கலோட்டி. 1961-லிருந்து வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்ற பெயரில் செய்தார்கள். 948 சி.சி. இன்ஜின். பானெட் தனியாகத் திறக்காது. மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து முன்பக்கமே மொத்தமாக முன்னால் சாயும். மெக்கானிக் முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். பெரியப்பா அந்தத் தொழிற்சாலையில் பெயிண்ட் பிரிவில் இருந்தார். ஹெரால்டு பிறந்த இங்கிலாந்து ஊரான கவன்ட்ரிக்குப் போய்வந்த ஒருவர் அவருக்குக் கொடுத்த கிட் இது. வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது அவ்வளவுதான்.

முதல் வேலை பிரிப்பது. அந்தக் காலத்து ட்யூப் பசை காய்ந்து கல்லாகியிருந்தது. கத்தி வைத்து நெம்பினால் பிளாஸ்டிக்தான் உடையும். அதனால் காரை ஒரு டிபன் டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் இரண்டு மணி நேரம் வைத்தேன். குளிரில் பழைய பசை நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடுகிறது. வெளியே எடுத்து அடித்தட்டை இரண்டு கட்டைவிரலாலும் லேசாக முறுக்கினேன். 'டக்' என்று ஒரு சத்தம், பாடி தனியாக வந்துவிட்டது. ஒரு கீறல் விழவில்லை. மூச்சை அப்போதுதான் விட்டேன்.

அடுத்தது பெயிண்டை எடுப்பது. டெட்டால், தண்ணீர் கலக்காமல். எனாமலை அது இளக்கிவிடும், கிட்டின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனை ஒன்றும் செய்யாது. மூடி போட்ட பாட்டிலில் ஒரு நாள் ஊறவைத்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தேன். பச்சை கஞ்சி போல வழிந்தது. அடியில் வெள்ளைப் பிளாஸ்டிக், புதிதாக மோல்டில் இருந்து எடுத்த மாதிரி கூர்மையாக.

அப்போதுதான் அந்தக் கோடுகளைப் பார்த்தேன். கதவுக்குப் பின்னால், இரண்டு பக்கமும், மேலிருந்து கீழாக ஊசியால் இழுத்த மாதிரி ஒரு கோடு. நேராகக்கூட இல்லை. இடது பக்கத்தில் பாதியில் ஓர் இடத்தில் வழுக்கிக் கொஞ்சம் வெளியே போய், திரும்ப உள்ளே வந்திருந்தது. அந்த வீட்டில் நாங்கள் நாலு பையன்கள் வளர்ந்தோம். எவனோ விளையாட்டாகக் கீறியிருக்கிறான் என்றுதான் தோன்றியது. வேறு மாதிரி யோசிக்கவே இல்லை.

வலது பக்கத்திலிருந்து பட்டி பார்க்க ஆரம்பித்தேன். ஃபெவிக்விக்கில் டால்கம் பவுடரைக் குழைத்துக் கோட்டில் அடைத்து, காய்ந்ததும் வாட்டர் பேப்பர் 400, 600, 1000 என்று வரிசையாகத் தேய்த்தேன். விரலை ஓட்டினால் அங்கே கோடு இருந்ததே தெரியவில்லை. அவ்வளவு சுத்தமாக வந்ததில் எனக்கு நிறைய சந்தோஷம். இடது பக்கம் தொடங்குவதற்கு முன் பெரியப்பாவிடம் காட்டலாம் என்று எடுத்துக்கொண்டு போனேன்.

அவருக்கு வயது 84. பார்வை மங்கிவிட்டது. காரைக் கையில் வாங்கி நகத்தால்தான் பார்த்தார். பானெட், கண்ணாடிச் சட்டம், கூரை என்று நகம் மெதுவாகப் போனது. இடது பக்கத்துக் கோட்டில் வந்ததும் நின்றது. அதை மேலும் கீழும் இரண்டு தடவை தடவினார். அப்புறம் காரைத் திருப்பினார். வலது பக்கத்தில் நகம் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போனது.

"இந்தப் பக்கம் பின் கதவு எங்கடா?"

"ஹெரால்டுக்கு ரெண்டு கதவுதானே பெரியப்பா? பின்னாடி ஏதோ கீறியிருந்தது, அதை அடைச்சுட்டேன்."

"அது கீறல் இல்லடா. கதவு."

எனக்குப் பேச்சே வரவில்லை. இங்கிலாந்தில் ஹெரால்டு சலூன் கடைசி வரை இரண்டு கதவுதான். நாலு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டும், நம் வண்டலூரில் மட்டும் செய்தது. அது வர ஆரம்பித்த சமயத்தில், 60களின் கடைசியில், பெரியப்பாவின் பிரிவில் அந்த நாலு கதவு பாடிகள்தான் வந்துகொண்டிருந்தன. கையில் கிடைத்த கிட்டோ சீமை வண்டி, இரண்டு கதவு. "நாம பண்ற வண்டி மாதிரி இல்லையேன்னு இருந்துச்சு" என்றார். ஸ்டீல் ஸ்கேலும் தையல் ஊசியும் வைத்து ராத்திரியில் உட்கார்ந்து பின் கதவு கீறியிருக்கிறார். அப்புறம் பெயிண்ட் கனமாக விழுந்து கோடு மூழ்கிப்போனதில் அவருக்கே வருத்தம் என்று சொன்னார்.

இனி அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். அதில் ஒரு சிக்கல். ஃபெவிக்விக் பட்டி ஒரு நாள் ஆனால் பிளாஸ்டிக்கை விடக் கெட்டியாகிவிடும். ஊசியை இழுத்தால் பட்டியில் இறங்காமல் பக்கத்தில் இருக்கும் மெது பிளாஸ்டிக்குக்குத் தாவுகிறது. அசிட்டோன் வைத்தால் பட்டியோடு காரும் கரையும். இந்த இடத்தில் நிற்கிறேன். யாருக்காவது வழி தெரிந்தால் சொல்லுங்கள்.

* * *

கோயம்புத்தூரிலிருந்து:

டெட்டால் பற்றி ஒன்று சேர்க்கணுங்க. தேய்த்து முடிக்கும் வரை தண்ணீர் படக் கூடாது. என் முதல் கிட்டில் ஊறவைத்து எடுத்து நேராகக் குழாயடியில் காட்டினேன். இளகியிருந்த பெயிண்ட் அப்படியே தார் மாதிரி ஒட்டிக்கொண்டது. மூன்று நாள் போராடினேன். டெட்டாலிலேயே தேய்த்து, டெட்டாலிலேயே அலசி, கடைசியாகத்தான் சோப்புத் தண்ணீர். கையுறையும் போட்டுக்கொள்ளுங்க, தோல் உரிந்துவிடும்.

* * *

மிச்சிகனிலிருந்து:

உங்கள் கோட்டுக்கு வழி சொல்கிறேன், முதலில் என் கதை.

இங்கே ஒரு வீட்டு வாசல் விற்பனையில் ஏஎம்டி கம்பெனியின் 1957 செவர்லே பெல் ஏர் கார் கிட் கிடைத்தது, 1/25 அளவு. ஏஎம்டி அந்தக் காலத்தில் இந்த மிச்சிகன் மாநிலத்துக் கம்பெனியாகத்தான் இருந்தது, டிராய் ஊர். டெட்ராய்ட் கார்த் தொழிலுக்குப் பக்கத்திலேயே வளர்ந்தது. யாரோ பாதி கட்டி நிறுத்திவிட்டு, டயர்களைப் பெட்டிக்குள் பாடியோடு சேர்த்துப் போட்டிருந்தார்கள். பெட்டியைத் திறந்தால் ஒரு டயர் கூரையில் ஒட்டிக்கொண்டிருந்தது. இழுத்து எடுத்தேன். கூரையில் டயரின் வட்டம், அதன் பட்டன் வரி உட்பட, உருகிப் பதிந்திருந்தது.

சூட்டில் உருகியது என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படி இல்லை. அந்த டயர்கள் மெதுவான வினைல். வினைலை வளையச் செய்ய ஓர் எண்ணெய் மாதிரியான பொருள் சேர்ப்பார்கள். வருஷக்கணக்கில் அது கசிந்து வந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பாலிஸ்டைரீனைக் கரைக்கிறது. பழைய கிட் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே பெட்டியைத் திறந்து டயர்களைத் தனிப் பையில் போடுங்கள். கட்டிய காராக இருந்தால் ரிம்மில் குழாய் வேலைக்காரர்கள் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப்பை ஒரு சுற்று சுற்றி அதன் மேல் டயரை மாட்டுங்கள். என் செவர்லேயில் அந்த வட்டத்தை அடைக்க, அதே கிட்டின் சட்டத் துண்டுகளை (பாகங்கள் ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் கம்பி) நறுக்கி, பிளாஸ்டிக் ஒட்டும் பசைத் திரவத்தில் கரைத்துக் கூழாக்கித் தடவினேன். காய ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், சுருங்கும், திரும்பத் தடவ வேண்டும். ஆனால் அது காரின் சொந்தப் பிளாஸ்டிக். காய்ந்த பிறகு கோடு கீறினாலும் ஒரே மாதிரி இறங்கும்.

இதுதான் உங்களுக்கும் வழி. ஃபெவிக்விக் பட்டியைக் கீற முயற்சி செய்யாதீர்கள். கோட்டை விட அகலமாக, ஒரு மி.மீ. அளவுக்குச் சின்ன அரத்தால் பட்டியை முழுசாக எடுத்துவிடுங்கள். அந்தப் பள்ளத்தை இந்தக் கூழால் நிரப்பி, காயவிட்டு, அதில் புதிதாகக் கீறுங்கள்.

* * *

பாரிசிலிருந்து:

வணக்கம் அண்ணை. நான் இஞ்ச ஹெல்லர் கொம்பனியின்ர ரெனோ 4 கார் கிட் ஒண்டைப் பழஞ்சாமான் சந்தையில எடுத்தனான். உங்கட கண்ணாடி வெளுத்தது ஃபெவிக்விக் மாதிரிப் பசையின்ர ஆவியால எண்டால் மீட்கலாம். 2000 வாட்டர் பேப்பரால தண்ணி வைச்சுத் தேய்ச்சு, பிறகு பற்பசையால மினுக்கி, கடைசியில நிலத்துக்குப் பூசுற அக்ரிலிக் பொலிஷுக்குள்ள முக்கி எடுத்து, தூசி படாமல் கவிழ்த்து மூடி வையுங்கோ. ஒட்டேக்க வெள்ளைப் பசை மட்டும். உள்ளுக்கு வெடிப்பு ஓடியிருந்தால் ஒண்டும் செய்யேலாது, புதுசா வெட்டித்தான் போடவேணும்.

எனக்கொரு கேள்வி. இடப் பக்கத்துக் கோடு வழுக்கிப் போனது எண்டு சொன்னியள். அதைத் திருத்தப் போறியளோ?

* * *

ஒரு மாதம் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் நன்றி.

மிச்சிகன் அண்ணன் சொன்ன மாதிரியே செய்தேன். பட்டியை எடுக்கவே இரண்டு மாலை ஆனது. கூழுக்குக் காரின் துண்டு எதுவும் இல்லை. வேறு ஒரு கிட்டின் வெள்ளைச் சட்டத்தைக் கரைத்துக்கொண்டேன். இரண்டு பூச்சு, பத்து நாள். பிறகு இடது பக்கக் கோட்டை மெல்லிய தாளில் பென்சிலால் ஒற்றி எடுத்து, தாளைத் திருப்பி வலது பக்கத்தில் வைத்தேன். கெட்டியான லேபிள் டேப்பை ஓரமாக ஒட்டி, கத்தி பிளேடின் முதுகால் அழுத்தாமல் இழுத்தேன். ஒரு கோட்டுக்கு முப்பது நாற்பது இழுப்பு. சன்னமான சுருள் சுருளாகப் பிளாஸ்டிக் வந்தது.

காணாமல் போன சக்கரத்துக்கு, கண்ணாடிக் கடை சிலிகானில் சோள மாவைப் பிசைந்து இருக்கும் சக்கரத்தை அதில் அழுத்தி அச்சு எடுத்தேன். வீடெல்லாம் வினிகர் வாசனை. அச்சில் அரால்டைட் ஊற்றி மறுநாள் எடுத்தேன். ரிம்மின் உள்வட்டம் வரை சரியாக விழுந்திருந்தது. பம்பர் இன்னும் செய்யவில்லை. பெயிண்டுக்கு முதலில் பிரைமர், மேலே பனி மாதிரி மூன்று பூச்சு. அதே பச்சைதான்.

பாரிஸ் தம்பியின் கேள்வியைப் பெரியப்பாவிடமே கேட்டேன். இடது பக்கத்தில் வழுக்கிய இடத்தைச் சரி பண்ணட்டுமா என்று. "வேணாம், அப்படியே இருக்கட்டும். அன்னைக்கு கரண்ட் போயிடுச்சு" என்றார். அதனால் அது அப்படியே இருக்கிறது. வலது பக்கம் மட்டும் நேர்கோடு. பிரைமர் அடித்ததும் ஒரு தடவை, பச்சை அடித்ததும் ஒரு தடவை அவர் கையில் கொடுத்தேன். இரண்டு தடவையும் வலது பக்கத்தைத்தான் முதலில் தடவினார். நகம் நின்றது.

இன்னும் பின் கதவுக்குக் கைப்பிடி இல்லை. சட்டத் துண்டை மெழுகுவர்த்தியில் காட்டி நூலாக இழுத்து வைத்திருக்கிறேன். எந்த உயரத்தில் ஒட்ட வேண்டும் என்று அவரைக் கேட்டதற்கு, ஞாயிற்றுக்கிழமை வா, கையைப் பிடித்துக் காட்டுகிறேன் என்றிருக்கிறார்.