மஹ்மூதின் கடிதங்கள்: எட்டுத் தொகுதியும் மாரானாவா?

பழஞ்சுவடி: மஹ்மூத் என்ற கற்பனை ஒற்றன் எழுதுவதாக வரும் ‘துருக்கிய ஒற்றனின் கடிதங்கள்’ நூலின் எட்டுத் தொகுதியையும் ஜெனோவாக்காரர் மாரானா ஒருவரே எழுதினார் என்று நேற்று இங்கே ஒருவர் அடித்துச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். எரிச்சலாக இருக்கிறது. 1684இல் பாரிஸில் வரத் தொடங்கியது அவருடையது, சரி. அது ஆங்கிலத்தில் முதல் தொகுதியோடு முடிந்துவிடுகிறது. 1694 வரை லண்டனில் வந்த மற்ற ஏழுக்கும் மூலம் எங்கே? பிரெஞ்சுக்காரர்களே அவற்றை ஆங்கிலத்திலிருந்துதான் பெயர்த்தார்கள்.

கடலோடி: அந்த ஒருவர் நான்தான், பெயர் சொல்லியே கேட்கலாம். மால்டேவியா நாட்டு டைட்டஸ் என்ற வேடத்தில் பாரிஸில் 45 வருடம் ஒளிந்திருந்து, பிரெஞ்சு முதலமைச்சர் ரிஷ்லியூ காலத்திலிருந்து அரசவைச் சங்கதிகளைக் கான்ஸ்டான்டினோபிளுக்கு எழுதும் ஆள் மாரானாவின் படைப்பு. இத்தாலியப் பிரதி கிடைத்ததாக ஆங்கிலப் பதிப்பின் முன்னுரையே சொல்கிறது, படித்தீர்களா?

பழஞ்சுவடி: படித்தேன். ஒற்றன் தங்கிய அறையின் மூலையில் கடிதக் குவியல் கிடைத்ததாகவும்தான் முன்னுரை சொல்கிறது, அதையும் நம்புவீர்களா? முன்னுரையும் கதையில் சேர்ந்ததுதான் ஐயா. இத்தாலியப் பிரதி எங்கே?

சிறுமீன்: யார் எழுதினால் என்ன, பிரெஞ்சு எழுத்தாளர் மாண்டெஸ்கியூ 1721இல் தன் ‘பாரசீகக் கடிதங்கள்’ நூலுக்கு, அந்நியன் ஒருவன் கடிதம் எழுதும் இந்த உத்தியை அப்படியே எடுத்துக்கொண்டார், அதைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை.

கடலோடி: அப்படியே எடுத்தாரா? பாரசீகக் கடிதங்களில் வரும் அந்தப்புரமும் அங்கே வெடிக்கும் கலகமும் மஹ்மூதிடம் எங்கே இருக்கிறது? இரண்டையும் படிக்காமல் எழுதாதீர்கள்.

சிறுமீன்: எல்லோரையும் படிக்காதவன் என்பதே உங்களுக்கு வழக்கம். நெப்போலியன் திரியிலும் இதைத்தான் சொன்னீர்கள்.

பழஞ்சுவடி: மாண்டெஸ்கியூவை விடுங்கள், நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை. லண்டன் புத்தக வியாபாரி ஜான் டன்டன், மற்ற தொகுதிகளை எழுதியவராகப் பிராட்ஷா என்பவரைக் கைகாட்டுகிறார், மிட்ஜ்லி பெயரும் அடிபடுகிறது. மாரானா 1693இல் இறந்துவிட்டார். ஜெனோவாவில் சிறையிருந்து, பிறகு பிரெஞ்சு மன்னர் லூயியின் தயவை நாடி பாரிஸ் வந்தவர், கையில் இன்னும் ஏழு தொகுதி இருந்தால் அங்கேயே அச்சிடாமல் விட்டிருப்பாரா?

கடலோடி: பிராட்ஷா எழுதினார் என்பதற்கு மட்டும் கைப்பிரதி வைத்திருக்கிறீர்களா? ஒரு வியாபாரியின் பேச்சு உங்களுக்கு ஆதாரம், பதிப்பின் முன்னுரை கதை. நல்ல நியாயம்.

பழஞ்சுவடி: பிராட்ஷாதான் என்று நான் எங்கே சொன்னேன்? எட்டும் மாரானா என்றவர் நீங்கள், காட்ட வேண்டியவரும் நீங்கள். இத்தாலியப் பிரதி எங்கே?

கடலோடி: உங்கள் தொனி மாறினால் பதில் எழுதுகிறேன்.

பழஞ்சுவடி: தொனி இருக்கட்டும். இரண்டாம் தொகுதியின் ஒரு கடிதத்துக்காவது இத்தாலிய மூலத்தைக் காட்டுங்கள்.