உடம்புக்குள் வைத்த செராமிக்: உங்கள் அனுபவம் என்ன?

நெல்லைக்காரன்:
அப்பாவுக்கு இடுப்பு மூட்டு மாற்றினோம். தொடையெலும்பின் தலைக்குப் பதிலாக வைக்கப்போகும் பந்தின் மாதிரி ஒன்றை டாக்டர் மேசையில் எடுத்து வைத்தார். ரோஸ் நிறம், பளபளவென்று இருந்தது. செராமிக் என்றதும் அம்மாவின் முகம் மாறிவிட்டது. "ஊறுகாய் ஜாடி மாதிரி உடைஞ்சிடாதா டாக்டர்?" நியாயமான கேள்விதான் என்றார் அவர். 1970-இல் பிரான்சில் பியர் பூட்டின் என்ற அறுவை மருத்துவர் அலுமினா (அலுமினிய ஆக்சைடு செராமிக்) மூட்டு பொருத்த ஆரம்பித்த காலத்தில் உடைவது நிஜமாகவே பிரச்சினையாம். இப்போது அலுமினாவோடு சிர்கோனியா என்ற இன்னொரு செராமிக்கும் சேர்க்கிறார்கள். விரிசல் ஓட ஆரம்பித்தால் அதன் நுனியில் இருக்கும் சிர்கோனியா துகள் கொஞ்சம் பருத்து, மேலே ஓடவிடாமல் நெருக்கிவிடும். ரோஸ் நிறம் குரோமியம் ஆக்சைடால் வருவது. அபூர்வமாக உடைந்தால் சில்லுகளை முழுக்கப் பொறுக்க முடியாது, அதற்குப் பிறகு உலோகப் பந்து வைத்தால் மிச்சச் சில்லு அதை அரித்துவிடும் என்பதையும் மறைக்காமல் சொன்னார். செராமிக்கும் செராமிக்கும் உரசினால் சிலருக்கு நடக்கும்போது கீச்சுச் சத்தம் வருமாம். அப்பாவுக்குப் பந்து உட்காரும் கிண்ணத்தின் உள்பக்கம் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக், அந்தத் தொல்லை இல்லை.

செல்வியக்கா:
எங்கள் வீட்டுக் கதை வேறு. அக்கா பையனுக்கு மேற்கை எலும்பில் நீர்க்கட்டி. பந்து எறியும்போது கை முறிந்த பிறகுதான் தெரிந்தது. கட்டியைச் சுரண்டிவிட்டுக் குழியில் வெள்ளைக் குருணை நிரப்பினார்கள். ஹைட்ராக்சி அபடைட், ட்ரைகால்சியம் பாஸ்பேட் என்ற இரண்டு கால்சியம் செராமிக் கலந்தது. முதல் எக்ஸ்ரேயில் ஒவ்வொரு குருணையும் தனித்தனியாகத் தெரிந்தது, அப்புறம் பார்க்கப் பார்க்க ஓரங்கள் மங்கின. ட்ரைகால்சியம் பாஸ்பேட்டை உடம்பு கரைத்துக்கொண்டு அங்கே சொந்த எலும்பை வளர்க்கும். அபடைட் வருஷக்கணக்கில் கிடக்கும். அதனால் இன்னும் சில வெள்ளைப் புள்ளிகள் இருக்கின்றன, கட்டி திரும்பிவிட்டதோ என்று பயந்தே போனோம். குருணைக்கென்று பெரிய வலு இல்லை, கிரிக்கெட்டுக்கு ரொம்ப நாள் தடை. ஆனால் குழியை நிரப்ப அவன் இடுப்பெலும்பிலிருந்தே கொஞ்சம் வெட்டி எடுக்காமல் விட்டார்களே, அது போதும் அக்காவுக்கு.

லேப் தம்பி:
யாரும் கண்ணாடியைச் சொல்லவில்லையே! 1969-இல் அமெரிக்காவின் புளோரிடாவில் லாரி ஹென்ச் என்ற ஆய்வாளர் உருவாக்கிய 45எஸ்5, எலும்போடு ஒட்டிக்கொள்ளும் கண்ணாடி. பேருந்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்த ராணுவ அதிகாரி, வியட்நாமிலிருந்து திரும்பியவர், உடம்பு ஒதுக்காத பொருள் செய்ய முடியாதா என்று கேட்டதுதான் தொடக்கமாம். எலியின் தொடையெலும்பில் வைத்துப் பார்த்தால் பிடுங்கவே முடியாத அளவுக்கு ஒட்டிக்கொண்டது. அதே கண்ணாடிப் பொடி பல் கூச்சத்துக்கான சில பேஸ்ட்களிலும் இருக்கிறது. நான் அதில்தான் பல் தேய்க்கிறேன். ஐஸ்கிரீம் சாப்பிட முடிகிறது, விலைதான் கூசுகிறது.