கர்ப்ப காலத்தில் படைக்குக் கிறீம் பூசலாமா?

அக்காமார், ஒரு உதவி வேண்டும். எனக்கு இப்போது 18 வாரம். இருப்பது உப்புவெளியில். மூன்று வாரமாக இடுப்பில், பாவாடை நாடா இறுக்கும் இடத்தில், வட்டமாகப் படை. ஓரம் சிவந்து தடித்திருக்கிறது, நடுவில் தோல் வெளுத்துச் செதிலாக உரிகிறது. முதலில் ஒரு ரூபாய்க் குத்தியளவுதான், இப்போது உள்ளங்கை அளவு. திருகோணமலை வெக்கையில் வியர்த்தால் இரவில் நித்திரையே இல்லை.

மாமி சொல்லி வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினேன், எரிச்சல்தான் மிச்சம். பருத்தி உடுப்புக்கு மாறியும் பார்த்தாயிற்று. வீட்டில் கிடந்த பழைய டியூபை இரண்டு நாள் பூச, சிவப்பு அடங்கியது. நிறுத்தியதும் இன்னும் பரவிவிட்டது. அப்புறம்தான் பெட்டியை வாசித்தேன்: குளோபெட்டசோல், கடுமையான ஸ்டீரொய்ட். படையை அது மறைத்து வளர்க்குமாம், கர்ப்பிணிகள் அதிகம் பூசினால் பிள்ளையின் நிறை குறையலாமாம். அப்படியே தூக்கி வைத்துவிட்டேன்.

பாமசியில் ஸ்டீரொய்ட் இல்லாத, பூஞ்சையைக் கொல்லும் குளோட்ரிமசோல் 1% கிறீம் தந்தார்கள், இன்னும் மூடி திறக்கவில்லை. மருத்துவிச்சி, டொக்டரிடம் காட்டும்வரை ஒன்றும் பூசாதே என்கிறார். கிளினிக்குக்கு இன்னும் பத்து நாள்.

வயிற்றில் பிள்ளையோடு குளோட்ரிமசோல் மட்டும் பூசியவர்களுக்கு டொக்டர் என்ன சொன்னார்?