மறு: டென்சிட்டி ஆல்டிடியூட் – 'அடர்த்தி உயரம்' சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம். டென்சிட்டி ஆல்டிடியூட் என்பது, இப்போதுள்ள காற்றின் அடர்த்தி திட்ட வளிமண்டலத்தில் (விமானத்துறை அளவுகோலாக வைத்திருக்கும் சராசரி வளிமண்டலம்) எந்த உயரத்துக் காற்றுக்கு ஒப்பானது என்று சொல்லும் எண். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் வந்த கருத்துகளுக்கு என் பதில்.

> சொல்லுக்குச் சொல் 'அடர்த்தி உயரம்' என்றே வைத்துவிடலாமே. எளிமையாக இருக்கிறது.

எளிமைதான். ஆனால் புழங்கிப் பாருங்கள். "இன்று அடர்த்தி உயரம் கூடுதல்" என்றால் தமிழ்க் காதில் என்ன விழும்? காற்றின் அடர்த்தி கூடியிருக்கிறது என்றுதான். நடந்திருப்பதோ நேர் எதிர். வெயிலில் காற்று மெலிந்து கிடக்கிறது.

பெங்களூர் ஜக்கூர் ஓடுதளத்தை எடுத்துக்கொள்வோம். கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,000 அடி. திட்ட வளிமண்டலக் கணக்குப்படி அங்கே 9 டிகிரிதான் இருக்க வேண்டும் (கடல்மட்டத்தில் 15, ஆயிரம் அடிக்கு 2 குறையும்). ஏப்ரல் மதியம் 34 டிகிரி என்று வையுங்கள். மிகை 25, டிகிரிக்கு 120 அடி வீதம் கூட்டினால் இன்னொரு 3,000. ஆக, சக்கரம் தரையில் இருக்கும்போதே விமானம் 6,000 அடியில் இருப்பதுபோல் நடந்துகொள்ளும். எஞ்சினுக்கு மூச்சு வாங்கும், புரொப்பெல்லருக்குப் பிடிப்புக் குறையும். தரையை விட்டு எழும்பும்போது வேகமானி முள் வழக்கமான இடத்துக்கு வந்திருக்கும். காற்றில்லாத நாளில் உண்மை வேகமோ கடல்மட்டக் கணக்கைவிட 9 விழுக்காடு அதிகம். ஓடுபாதை மட்டும் அதே நீளம். 600 கிலோவுக்குள் அடங்கும் இரட்டை இருக்கை விமானத்துக்கு இது சில்லறை விஷயமில்லை.

அதனால் என் முன்மொழிவு: மெலிவுயரம். காற்று மெலிய மெலிய எண் ஏறும். புழுக்கமான நாளுக்கும் பொருந்தும். ஈரக்காற்று கனமானது என்று நாம் நினைத்தாலும், உண்மையில் அது உலர்காற்றைவிட லேசு.

> பிரஷர் ஆல்டிடியூட் 'அழுத்த உயரம்' ஆகும்போது இதை மட்டும் ஏன் மாற்ற வேண்டும்?

நியாயமான கேள்வி. அதிலும் இதே கோளாறு உண்டு, அழுத்தம் குறையக் குறையத்தான் அந்த எண்ணும் ஏறும், மறுக்கவில்லை. ஆனால் சிறுவிமானக்காரருக்கு அது உயரமானியை 1013 ஹெக்டோபாஸ்கலில் (திட்ட வளிமண்டலத்தின் கடல்மட்ட அழுத்தம்) வைத்துப் படிக்கும் ஓர் இடைக்கணக்கு. கிளம்பலாமா வேண்டாமா என்று அவர் தலையைச் சொறிவது மெலிவுயரத்தைப் பார்த்துத்தான்.

'உணர் உயரம்' என்ற இன்னொரு யோசனை எனக்கும் பிடித்திருந்தது. அப்புறம் யோசித்தால், உணர்வது விமானமா விமானியா? வானிலைச் செயலிகளின் 'உணரும் வெப்பநிலை'யோடு வேறு குழம்பும்.

மெலிவுயரத்தைச் சேர்த்து எழுதுவதா பிரித்து எழுதுவதா என்பதை இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள். நான் வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்: "மெலிவுயரம் 6,000-ஐத் தாண்டிவிட்டது, ஒருத்தர் இறங்கிக்கொள்ளுங்கள்." நாக்கில் இடறவில்லை.